பந்தியும் ஈகையும்: தொடக்கக் கிறித்தவ மறைசாட்சியர் நினைவிடங்களின் சமூகப் பங்கு

ஆய்வுச்சுருக்கம்

மறைசாட்சியரின் கல்லறைகள் தொடக்கக் கிறித்தவச் சமூகத்தில் ஆற்றிய பங்கினைப் பீட்டர் பிரவுன் 1981இல் வெளியிட்ட நூல் புரவலர் உறவின் வழியே விளக்கியது. அவ்விளக்கம் ஆயர்களின் எழுத்துகளையே பெரிதும் சார்ந்தது. கல்லறையில் உணவு யாரால் கொண்டுவரப்பட்டது, யாரோடு பகிரப்பட்டது, பின்னர் யாருடைய கைக்கு மாறியது என்பதைத் தொடர்ந்து பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. மிலான், ஹிப்போ, நோலா ஆகிய மூன்று இடங்களின் சான்றுகளைக் கொண்டு அச்சித்திரத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மறைசாட்சியர், கல்லறைப் பந்தி, நேர்ச்சை, அகுஸ்தின், பவுலினுஸ், பீட்டர் பிரவுன்.

முன்னுரை

புனிதர் வணக்கத்தின் தோற்றம் குறித்த ஆய்வுகள் நெடுங்காலம் ஒரே கேள்வியைச் சுற்றி நிகழ்ந்தன. இவ்வணக்கம் கிறித்தவத்தின் உள்ளிருந்தே முளைத்ததா, உரோமானியப் பல்தெய்வ வழிபாட்டின் எச்சமா என்பதே அக்கேள்வி. டேவிட் ஹியூம் 1757இல் எழுதிய 'சமயத்தின் இயற்கை வரலாறு' என்னும் நூலில், ஒருதெய்வக் கொள்கைக்கும் பல்தெய்வ நாட்டத்துக்கும் இடையே மனித மனம் மாறி மாறிச் சாய்வதாகவும், பாமரரின் நாட்டமே பின்னதற்குக் காரணம் என்றும் கருதினார். எட்வர்டு கிப்பன் அக்கருத்தை உரோமப் பேரரசின் வரலாற்றுக்குள் கொண்டுவந்தார். 1904இல் எர்ன்ஸ்ட் லூசியுஸ் பழைய வீரர் வழிபாட்டின் தொடர்ச்சியாகப் புனிதர் வணக்கத்தைக் கண்டார். 1912இல் இப்போலித் டெலஹே அதனை மறுத்து, இறந்தோரைப் போற்றும் கிறித்தவ வழக்கத்திலிருந்தே அது வளர்ந்தது என நிறுவ முயன்றார். இரு தரப்பினரும் வேரைத் தேடினர். கல்லறையின் முன் கூடிய மனிதர்கள் அங்கு என்ன செய்தனர் என்பது இரண்டாம் நிலைக் கேள்வியாகவே நின்றது.

பிரவுன் 1978இல் சிகாகோவில் ஆற்றிய உரைகளே 'புனிதர் வணக்கம்' என்னும் நூலாயின. கற்றோர் சமயம், பாமரர் சமயம் என்ற ஈரடுக்குப் பகுப்பை அவர் முற்றாக ஒதுக்கினார். இறந்துபோன புனிதர், உயிருள்ள ஒரு பெரிய மனிதரைப் போலப் புரவலராகவும் நண்பராகவும் கருதப்பட்டார். அந்தப் புரவலரின் இல்லத்துக்குக் காரியம் பார்ப்பவராக ஆயர் விளங்கினார். நகரத்தின் பெருகும் செல்வம் பகையின்றிச் செலவிடப்படுவதற்கு நினைவிடம் வழி செய்தது என்பது அவரது வாதம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்துறையின் பேச்சு முழுவதும் அவ்வாதத்தை ஏற்றோ மறுத்தோதான் நிகழ்ந்து வருகிறது. ஒரு நூலுக்கு இதைவிடப் பெரிய வெற்றி இருக்க இயலாது. எனினும் அந்நூலில் சமையலறையின் மணம் குறைவு. கல்லறையில் எழுந்த ஒவ்வொரு பூசலிலும் உணவு இருந்தது என்பதைச் சான்றுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

கல்லறையும் குடும்பமும்

உரோமானியச் சட்டம் நகர எல்லைக்குள் பிணம் புதைக்கத் தடை விதித்திருந்தது. ஆகவே கல்லறைகள் நகர வாயிலுக்கு வெளியே, நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் அமைந்தன. ஆண்டுதோறும் பிப்ரவரி 13 முதல் 21 வரை 'பரெந்தாலியா' என்னும் முன்னோர் நாள்களில் குடும்பத்தினர் கல்லறைக்குச் சென்று படையலிட்டனர். இறந்தவரின் நினைவு நாளிலும் அங்கேயே உண்டனர். சில கல்லறைகளில் மதுவும் நீரும் உள்ளே இறங்கும்படி குழாய்கள் பதிக்கப்பட்டிருந்தன. கிறித்தவராக மாறியோர் இவ்வழக்கத்தை விட்டுவிடவில்லை. விட வேண்டும் என்று அவர்களிடம் தொடக்கத்தில் எவரும் வற்புறுத்தியதாகவும் தெரியவில்லை. எரிக் ரெபிய்யார் காட்டியுள்ளபடி, இறந்தோரை அடக்கம் செய்தல் 5ஆம் நூற்றாண்டு வரை திருச்சபையின் கடமையாக இருக்கவில்லை. அது குடும்பத்தின் காரியமாகவே இருந்தது.

மறைசாட்சியின் கல்லறை இந்தக் குடும்ப வழக்கத்தை ஒரு சபையின் வழக்கமாக விரித்தது. ஸ்மிர்னா நகர ஆயர் போலிக்கார்ப்பு 2ஆம் நூற்றாண்டின் நடுவில் எரிக்கப்பட்டபின், அவருடைய எலும்புகளைச் சபையார் மணிகளினும் மேலானவையாக எண்ணித் திரட்டினர் என்றும், அவர் இறந்த நாளைப் பிறந்த நாளாகக் கொண்டாட அவ்விடத்தில் கூட எண்ணினர் என்றும் அவரது மரணத்தை விவரிக்கும் மடல் கூறுகிறது. இரத்த உறவு இல்லாதவருக்கு ஆண்டு நினைவு கொண்டாடுவது உறவின் எல்லையை மாற்றுவதாகும். அதன் புதுமை அங்கேதான் உள்ளது. உணவிலோ விளக்கிலோ அன்று.

உரோமில் அப்பியா சாலையில் புனித செபஸ்தியார் ஆலயத்தின் அடியில் கண்டெடுக்கப்பட்ட கூடத்தின் சுவரில் நூற்றுக்கணக்கான கீறல் எழுத்துகள் உள்ளன. பேதுருவையும் பவுலையும் விளித்துத் தம்மை நினைவுகூருமாறு வேண்டும் பெயர்களே அவற்றுள் பெரும்பாலானவை. சிலர் அத்திருத்தூதர்களின் பெயரால் அங்கே விருந்து நிறைவேற்றியதைக் குறித்துள்ளனர். அவர்களில் ஆயர்களும் செல்வர்களும் இருந்தனர் எனக் கருத ஒன்றுமில்லை. இலத்தீனில் தடுமாறும் எழுத்துக்கூட்டலே அவர்களின் நிலையைச் சொல்லிவிடுகிறது. வட ஆப்பிரிக்காவின் திப்பாசாவில் கிடைத்த பந்திமேடை ஒன்றின் பளிங்குச்சில்லு ஓவியத்தில் மீன்கள் நீந்துகின்றன. பந்தியில் அமர்வோருக்கிடையே அமைதியும் ஒற்றுமையும் நிலவட்டும் என்ற வேண்டுதலும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. பந்தியில் அமைதி வேண்டும் என்று கல்லில் எழுதி வைக்க நேர்ந்ததே அங்கு நிலவிய சூழலுக்குச் சான்று.

லூசில்லா

கார்த்தேஜில் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூசில்லா என்ற செல்வப் பெண் நற்கருணை உண்பதற்குமுன் ஒரு மறைசாட்சியின் எலும்பை முத்தமிடும் வழக்கம் கொண்டிருந்தாள் என ஒப்தாத்துஸ் எழுதுகிறார். அந்த மறைசாட்சி திருச்சபையால் இன்னும் ஏற்கப்படாதவர். தலைமைத் திருத்தொண்டராக இருந்த செசிலியான் அவளைக் கண்டித்தார். பின்னர் அவர் ஆயரானபோது அவரை எதிர்த்தோருக்கு அவள் பொருளுதவி செய்தாள். தொனாத்தியப் பிளவு அவ்வாறு தொடங்கியதாக ஒப்தாத்துஸ் கூறுகிறார். ஒரு பெரும் பிளவைப் பெண்ணொருத்தியின் சினத்தில் அடக்கிவிடும் இச்செய்தியை எதிரியின் கூற்றாகவே கொள்ள வேண்டும்.

பிரவுனுக்கு இந்நிகழ்வு மிக முக்கியமானது. புனிதரைத் தம் குடும்பச் சொத்தாக்க முயலும் செல்வர்க்கும், அவரைச் சபை முழுவதுக்கும் உரியவராக்க முயலும் ஆயர்க்கும் இடையிலான போட்டியாகவே அவர் நினைவிடப் பூசல்களை எல்லாம் வாசிக்கிறார். அவ்வாசிப்பு லூசில்லாவுக்குப் பொருந்துகிறது; உரோமின் செனட்டர் குடும்பங்களுக்கும் பொருந்துகிறது. அவர் நூலில் 'குடும்பம்' என்ற சொல் வரும் இடமெல்லாம் செல்வக் குடும்பத்தையே சுட்டுவதுதான் குறை. கூழும் அப்பமும் கூடையில் எடுத்துக்கொண்டு கல்லறைக்கு நடந்த குடும்பங்களுக்கு இந்தப் போட்டியில் இடம் எங்கே என்ற கேள்வி அங்கு எழவில்லை.

மோனிக்காவின் கூடை

அகுஸ்தின் தம் 'ஒப்புதல்கள்' நூலின் ஆறாம் பகுதியில் தம் தாய் மோனிக்காவைப் பற்றிக் கூறும் செய்தி நன்கு அறியப்பட்டது. ஆப்பிரிக்காவில் வழங்கியவாறே அவர் மிலானிலும் மறைசாட்சியரின் நினைவிடத்துக்குக் கூழும் அப்பமும் திராட்சை மதுவும் கொண்டு சென்றார். வாயிற்காவலர் அவரைத் தடுத்தார். ஆயர் அம்புரோஸ் அவ்வழக்கத்தை விலக்கியுள்ளார் என அறிந்ததும் மோனிக்கா பணிந்தார். மது அருந்துவோருக்கு வாய்ப்பளிக்கலாகாது என்பதும், முன்னோர் படையலை அது ஒத்திருக்கிறது என்பதும் தடைக்குக் காரணங்கள். அதன்பின் அவர் கூடைக்கு மாற்றாக வேண்டுதல்கள் நிறைந்த நெஞ்சைக் கொண்டு சென்றார் என்றும், தம்மால் இயன்றதை ஏழையருக்கு ஈந்தார் என்றும் மகன் எழுதுகிறார்.

இப்பகுதி பெரும்பாலும் பணிவின் எடுத்துக்காட்டாகவே வாசிக்கப்படுகிறது. அகுஸ்தின் இரு செய்திகளை இடையில் வைத்துள்ளார்; அவை கவனம் பெறுவதில்லை. ஒன்று, மோனிக்கா எத்தனை நினைவிடங்களுக்குச் சென்றாலும் ஒரே ஒரு சிறு கிண்ணத்தையே எடுத்துச் சென்றார். நீர் கலந்து வெதுவெதுப்பாகிப்போன அந்த மதுவை உடனிருந்தோரோடு சிறு மிடறுகளாகப் பகிர்ந்தார். களியாட்டம் என்ற குற்றச்சாட்டு இந்தக் கிண்ணத்துக்குப் பொருந்தாது என்பது மகனுக்கே தெரிந்திருக்கிறது. மற்றொன்று, தடையை விதித்தவர் அம்புரோஸாக அன்றி வேறொருவராக இருந்திருந்தால் தாய் அவ்வளவு எளிதில் இணங்கியிருக்கமாட்டார் என்ற அவரது ஐயம். மகனின் மீட்புக்கு வழிகாட்டியவர் என்பதனால் அம்புரோஸின் மேல் மோனிக்காவுக்கு இருந்த பேரன்பே அவரை இணங்கச் செய்தது. ஒரு வழக்கத்தின் முடிவு இங்கே கோட்பாட்டின் வலிமையால் நிகழவில்லை. ஒரு தாயின் நன்றியுணர்வால் நிகழ்ந்தது. அத்தகைய நன்றியுணர்வு இல்லாத பல்லாயிரம் தாயரிடம் என்ன நிகழ்ந்தது?

அதற்கான விடை ஹிப்போவில் கிடைக்கிறது. அங்கு 395இல் குருவாக இருந்த அகுஸ்தின், மறைசாட்சியாகப் போற்றப்பட்ட ஆயர் லெயோந்தியுஸின் நாளில் ஆலயத்துக்குள் நடைபெற்ற விருந்தை நிறுத்த முனைந்தார். நண்பர் அலிப்பியுஸுக்கு அவர் எழுதிய மடல் அப்பூசலை நாள்வாரியாகப் பதிவு செய்கிறது. சபையார் முணுமுணுத்தனர். இப்போது மட்டும் ஏன் என்று கேட்டனர். இதுவரை தடுக்காத முன்னோர்கள் கிறித்தவர்கள் அல்லரோ என்றும் வினவினர். இந்த வினாவுக்கு அகுஸ்தின் தந்த விடை வரலாற்றாசிரியருக்கு விலை மதிப்பற்றது: துன்புறுத்தல்கள் ஓய்ந்தபின் கூட்டம் கூட்டமாகக் கிறித்தவம் தழுவ வந்தோர் தம் பழைய விழாக்களின் விருந்தை விட மனமின்றித் தயங்கியதால், முன்னோர் சிறிது காலத்துக்கு அதனைப் பொறுத்துக்கொண்டனர் என்றார். உரோமில் புனித பேதுரு ஆலயத்திலேயே நாள்தோறும் விருந்து நடைபெறுகிறதே என்ற எதிர்வாதமும் எழுந்தது. அவ்வாலயம் ஆயரின் இல்லத்திலிருந்து தொலைவில் உள்ளது என்பது அவர் அளித்த மறுமொழிகளுள் ஒன்று.

இம்மறுமொழியில் நினைவிடத்தின் சமூகப் பங்கு முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். ஆயரின் இருக்கை நகருக்குள் இருந்தது. மறைசாட்சியின் எலும்புகள் நகருக்கு வெளியே கிடந்தன. இரண்டுக்கும் இடையே இருந்த சில கல் தொலைவில்தான் சாதாரண மக்கள் தம் விருப்பப்படி கூடி உண்ண முடிந்தது. 386 சூனில் அம்புரோஸ் கெர்வாசியுஸ், புரோத்தாசியுஸ் ஆகியோரின் உடல்களைக் கண்டெடுத்து, தமக்கென ஒதுக்கியிருந்த பலிபீடத்தின் அடியிடத்தில் வைத்ததை இப்பின்னணியில் காண வேண்டும். அரசி யுஸ்தினாவுடன் அவருக்கு மூண்டிருந்த மோதலில் அது அவர் கையை வலுப்படுத்தியது என்பது வெளிப்படை. அதைவிட நெடிய விளைவு ஒன்றும் உண்டு: எலும்புகளும் ஆயரின் பலிபீடமும் ஒரே இடத்தில் அமைந்தன, இடையில் இருந்த தொலைவு மறைந்தது.

பந்தி ஈகையாதல்

கார்த்தேஜ் ஆயர் அவுரேலியுஸுக்குச் சில ஆண்டுகள் முன்னரே அகுஸ்தின் எழுதிய மற்றொரு மடல், மாற்றம் எவ்வாறு திட்டமிடப்பட்டது என்பதைக் காட்டுகிறது. கல்லறைப் படையலை முற்றாக ஒழிக்க அவர் கூறவில்லை. அது ஆடம்பரமின்றி இருக்கட்டும்; கேட்போர் அனைவர்க்கும் செருக்கின்றி வழங்கப்படட்டும்; விற்கப்படாதிருக்கட்டும்; பணமாகக் கொடுக்க விரும்புவோர் அதனை அங்கேயே ஏழையருக்குக் கொடுக்கட்டும் என்பன அவரது பரிந்துரைகள். தம் இறந்தோரைக் கைவிட்டுவிட்டோமோ என மக்கள் மனம் நோகாதிருக்க இது உதவும் என அவர் கருதினார். நுட்பமான ஆட்சித்திறன் இது. அதே வேளையில் உண்மையான பரிவும் இதில் உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் காண்பவர் மடலைப் பாதியாகவே வாசிக்கிறார்.

எனினும் மாற்றத்தின் பொருளை எடைபோட வேண்டும். பந்தியில் ஏழை உடன் உண்பவர். ஈகையில் ஏழை பெறுபவர். முன்னதில் அவர் அமர்ந்திருக்கிறார். பின்னதில் கை நீட்டி நிற்கிறார். 397இல் செனட்டர் பம்மாக்கியுஸ் தம் மனைவி பவுலினாவின் மறைவை முன்னிட்டுப் புனித பேதுரு ஆலயத்தில் உரோம ஏழையர்க்கு அளித்த பெருவிருந்தை நோலாவின் பவுலினுஸ் புகழ்ந்து எழுதினார். ஏழையர் கூட்டம் ஆலயத்தையும் முற்றத்தையும் நிறைத்த காட்சி அதில் உயிரோடு நிற்கிறது. மேல்நிலைக் குடும்பத்தின் கல்லறை விருந்தும் ஆயர்கள் விரும்பிய ஈகையும் அந்நாளில் ஒன்றாயின. அவ்வாலயத்தைச் சுற்றி இரவலர் திரண்டிருந்தது கிறித்தவரல்லாதார்க்கும் தெரிந்த செய்தியே. லம்பாதியுஸ் என்னும் அதிகாரி, கூட்டத்தின் ஆரவாரத்துக்கு மசியாதவர் எனக் காட்ட வத்திக்கானிலிருந்து இரவலர்களை வரவழைத்து அவர்களுக்குப் பெருஞ்செல்வம் வழங்கினார் என அம்மியானுஸ் எழுதுகிறார். எங்கே சென்றால் ஏழையரைக் காணலாம் என்பது நகரத்துக்கே தெரிந்திருந்தது. நினைவிடம் வறுமையைக் கண்ணுக்குப் புலனாக்கிய இடம். வறுமையைக் குறைத்த இடமா என்பது வேறு கேள்வி.

நோலாவுக்கு அருகில் பெலிக்ஸின் கல்லறையில் 395 முதல் வாழ்ந்த பவுலினுஸ், தம் பெருஞ்செல்வத்தைத் துறந்து வந்த செனட்டர். ஆண்டுதோறும் சனவரி 14ஆம் நாள் பெலிக்ஸின் விழாவுக்கு ஒரு கவிதை இயற்றினார். அவற்றில் ஒன்று நேர்ச்சைப் பன்றியைப் பற்றியது. ஒருவன் பெலிக்ஸுக்கு நேர்ந்துகொண்டு பன்றியை வளர்த்தான். விழாவன்று அதனை அறுத்துத் தலையையும் குடலையும் மட்டும் ஏழையர்க்குக் கொடுத்துவிட்டு இறைச்சியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வழியில் குதிரையிலிருந்து விழுந்து நடக்க இயலாதவனானான். கல்லறைக்குத் தூக்கி வரப்பட்டு, எஞ்சிய இறைச்சியை ஏழையர்க்கு அளித்தபின் நலமடைந்தான்.

டெனிஸ் ட்ரவுட் 1995இல் எழுதிய கட்டுரையில் இக்கதைகளை நாட்டுப்புறத்தின் விலங்குப் பலி கிறித்தவமாக்கப்பட்டதன் சான்றாக வாசித்தார். அது சரியே. ஆனால் கதையின் கூர்மை பலியில் இல்லை, பங்கில் உள்ளது. நேர்ந்துகொண்டவன் எதையும் திருடவில்லை. பழைய வழக்கப்படி பலியின் இறைச்சி பலியிட்டவனுக்கும் அவன் வீட்டார்க்கும் உரியதே. அதில் ஏழைக்கு ஒரு துண்டு கொடுத்ததே தாராளம் என அவன் எண்ணியிருக்கக் கூடும். பவுலினுஸின் கவிதையில் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. நேர்ந்ததெல்லாம் ஏழையின் உரிமை. வீட்டுக்குக் கொண்டு போவது களவு. புனிதர் இங்கே புரவலராக மட்டும் இல்லை. ஏழையின் பங்கைக் கேட்டு வாங்கித் தருபவராகவும் நிற்கிறார்.

குறையிரந்தோர்

பிரவுனின் புரவலர் சித்திரம் மேலிருந்து கீழ் நோக்கியது: புனிதர் அளிக்கிறார், அடியவர் பெறுகிறார், ஆயர் இடையில் நிற்கிறார். பவுலினுஸின் மற்றொரு கவிதையில் வரும் உழவன் இந்தச் சித்திரத்தில் எளிதில் அடங்கான். அவனது இரு எருதுகள் இரவில் களவு போயின. பெலிக்ஸின் வாயிலுக்கு ஓடிவந்து தரையில் விழுந்து, புனிதர்மீதே குற்றம் சுமத்தினான். தன்னைக் காக்கத் தவறியவர் என்றான். திருடர்க்கு உடந்தை என்றான். எருதுகளைத் திருப்பித் தராமல் எழமாட்டேன் என்றான். மாலையில் வலிந்து வெளியேற்றப்பட்டு வீட்டுக்குச் சென்றான். அன்றிரவே எருதுகள் திரும்பி வந்தன. பவுலினுஸ் அவனது நாட்டுப்புறத் துணிச்சலை நகைப்போடு சொல்கிறார். ஆனால் பெலிக்ஸ் அதனால் சினங்கொள்ளவில்லை, மகிழ்ந்தார் என்பதையும் சொல்கிறார். இது பணிவின் மொழியன்று. கடன்காரரை வாயிலில் மறித்து நிற்பவனின் மொழி. அந்நாளைய நீதிமன்றத்தில் ஓர் ஏழை உழவன் எந்தப் பெரிய மனிதரிடமும் இவ்வாறு பேசியிருக்க முடியாது. பேச முடிந்த ஓரிடமாகக் கல்லறை இருந்தது.

'கடவுளின் நகரம்' நூலின் இறுதிப் பகுதியில் அகுஸ்தின் கூறும் ஹிப்போவின் தையற்காரர் புளோரென்சியுஸின் கதையும் இத்தகையதே. முதியவர், வறியவர், தம் மேலாடையை இழந்துவிட்டார், புதிது வாங்கப் பணமில்லை. இருபது மறைசாட்சியர் நினைவிடத்தில் தமக்கு ஆடை வேண்டும் என உரக்க வேண்டினார். அங்கிருந்த இளைஞர்கள் கேட்டுவிட்டு, ஆடை வாங்க மறைசாட்சியரிடம் ஐம்பது காசு கேட்டவரைப் போல அவரைக் கேலி செய்து பின்தொடர்ந்தனர். அவர் பேசாமல் நடந்தார். கரையில் ஒதுங்கித் துடித்த பெரிய மீனைக் கண்டார். அவ்விளைஞர்களின் உதவியோடே அதனைப் பிடித்துச் சமையற்காரர் ஒருவரிடம் முந்நூறு காசுக்கு விற்றார். கம்பளி நூல் வாங்கினால் மனைவி ஏதேனும் நெய்து தருவாள் என்பது அவர் கணக்கு. மீனை அறுத்த சமையற்காரர் வயிற்றில் பொன் மோதிரம் கண்டார். இருபது மறைசாட்சியர் உமக்கு ஆடை தந்த விதத்தைப் பாரும் எனக் கூறி அதனை அவரிடமே கொடுத்தார்.

கதையின் அற்புதம் மீனின் வயிற்றில் இருக்கலாம். சமூக வரலாற்றுக்கு வேண்டியது சமையற்காரரின் கையில் உள்ளது. விலை கொடுத்து வாங்கிய மீனுக்குள் கிடைத்த பொன் அவருக்கே உரியது என எவரும் சொல்லியிருப்பர். மறைசாட்சியரின் பெயர் இடையில் வந்ததால் அது தையற்காரரின் உடைமையாயிற்று. இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதிலும் ஆயரோ குருவோ இல்லை. கைத்தொழிலாளர் ஒருவர், கேலி செய்யும் இளைஞர் சிலர், ஒரு சமையற்காரர் ஆகியோருக்குள்ளேயே புனிதரின் அதிகாரம் செயல்பட்டு முடிகிறது. ஆயர் பின்னர் வந்து அதனை எழுதுகிறார், அவ்வளவே.

எழுதுவதும் சிறிய செயலன்று. 415இல் எருசலேமுக்கு அருகில் கண்டெடுக்கப்பட்ட ஸ்தேவானின் திருப்பண்டங்கள் ஆப்பிரிக்காவை அடைந்தபின், நலம் பெற்றோரின் வாக்குமூலங்களை ஏட்டில் எழுதிச் சபையில் வாசிக்கும் வழக்கத்தை அகுஸ்தின் ஏற்படுத்தினார். ஹிப்போவில் இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய எழுபது ஏடுகள் சேர்ந்தன. தாயின் சாபத்தால் உடல் நடுக்கம் கொண்டு ஊர் ஊராக அலைந்த பவுல், பல்லாதியா என்னும் உடன்பிறந்தோர் உயிர்ப்பு விழாவை ஒட்டி நலம் பெற்றபோது, அவர்களைச் சபை முன் நிறுத்தி அவர்களது ஏடு வாசிக்கப்பட்டது. பெயரற்றவரின் துன்பம் பெயரோடு பதிவாயிற்று. அதே நேரத்தில், எந்தத் துன்பம் ஏட்டில் ஏறும் என்பதை முடிவு செய்பவராக ஆயர் அமர்ந்தார்.

சந்தை

வணிகத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. மறைசாட்சியரின் இடங்களில் கடை விரிப்பதைப் பசிலியார் தம் துறவற விதிகளில் கண்டித்தார். எதெஸ்ஸாவில் திருத்தூதர் தோமாவின் விழாவுக்குப் பல நாட்டினரும் நேர்ச்சையும் சரக்கும் கொண்டு வந்தனர் என்றும், முப்பது நாள்கள் சுங்கமின்றி வாங்கவும் விற்கவும் அங்கு இசைவு இருந்தது என்றும் 6ஆம் நூற்றாண்டில் தூர் நகரக் கிரகோரியார் எழுதுகிறார். தோமாவின் உடல் இந்தியாவிலிருந்து எதெஸ்ஸாவுக்குக் கொண்டுவரப்பட்டது என்றும், முதலில் அவர் அடக்கப்பட்ட இந்திய இடத்தில் துறவு மடமும் பெரிய ஆலயமும் உள்ளன என்றும் அவர் அதே பகுதியில் கூறுவது, மயிலாப்பூர் மரபை ஆராய்வோர்க்கு உரிய செய்தி. அவர் ஊர்ப் பெயர் தரவில்லை என்பதை அவர்கள் மறத்தலாகாது. தென் இத்தாலியில் சிப்பிரியான் விழாவன்று கூடிய சந்தையைப் பற்றிக் கசியோதோருஸ் வரைந்த ஆணையில், அங்கு பெற்றோர் தம் பிள்ளைகளை விற்ற செய்தியும் இடம்பெறுகிறது. அவர் அதனைக் கண்டனமின்றி, ஊர்ப்புறத்து உழைப்பைவிட நகரத்து அடிமைத்தனம் அப்பிள்ளைகளுக்கு நலமாகலாம் என்ற தொனியில் கூறுகிறார். நினைவிடத்தைச் சமத்துவத்தின் இடமாக மட்டும் வரைய விரும்புவோர் இவ்வாணையைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

எண்ணிக்கை வாதம்

2009இல் ராம்சே மேக்மல்லன் 'இரண்டாம் திருச்சபை' என்னும் நூலில் பிரவுனுக்கு நேர் எதிரான நிலையை எடுத்தார். அகழ்வாய்வில் தெரியும் ஆலயங்களின் தரைப்பரப்பை அளந்து, நகர மக்களில் மிகச் சிறு பங்கினரே அவற்றுள் நிற்க இயலும் எனக் கணக்கிட்டார். எஞ்சியோரின் கிறித்தவம் கல்லறைகளில்தான் வாழ்ந்தது என்பது அவர் முடிவு. உணவை மையத்துக்குக் கொண்டுவந்தது அந்நூலின் பெரும்பேறு. ஆனால் இரு திருச்சபைகள் என்ற பகுப்பு, பிரவுன் கடிந்து ஒதுக்கிய ஈரடுக்கை வேறு பெயரில் மீட்டெடுக்கிறது. கான்ஸ்தந்தீன் காலத்தில் உரோமின் சுற்றுப்புறத்தில் எழுந்த பெரிய கல்லறை ஆலயங்களின் தரை முழுவதும் புதைகுழிகள். கட்டியது பேரரசின் பணம். புதைந்தவர் சாதாரண மக்கள். இவை எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவை? ஆயர்தம் கவிதைகளைக் கல்லில் பொறித்து மறைசாட்சியரின் கல்லறைகளை அழகுபடுத்திய தாமசுஸ், எந்த மக்களுக்காகப் பொறித்தார்? மோனிக்கா ஆயரின் ஆலயத்திலும் இருந்தார், கல்லறையிலும் இருந்தார். அவரை இரண்டாகப் பிளக்க இயலாது.

ஆயர்களின் கட்டுப்பாடு எவ்வளவு தொலைவு சென்றது என்பதற்கு 401இல் கார்த்தேஜ் சங்கம் இயற்றிய விதி நேரிய சான்று. வயல்களிலும் சாலையோரங்களிலும் மறைசாட்சியரின் உடலோ திருப்பண்டமோ இன்றி, கனவுகளையும் வெற்று வெளிப்பாடுகளையும் நம்பி எழுப்பப்பட்ட பீடங்களை ஆயர்கள் இடிக்க வேண்டும் என அது கட்டளையிட்டது. மக்கள் கலகம் செய்வர் எனில் இடிக்காமல், அங்கே செல்ல வேண்டாம் என அறிவுரை கூறினால் போதும் என்றும் சேர்த்துக்கொண்டது. சட்டம் இயற்றியவர்களே தம் சட்டத்தின் எல்லையைச் சட்டத்துக்குள் எழுதிவைத்த அரிய இடம் இது. தொனாத்தியரின் மறைசாட்சியர் நினைவிடங்களும் இவற்றுள் அடங்கியிருக்கலாம். எனினும் கனவில் கண்டு வயலோரத்தில் பீடம் எழுப்பிய உழவர் அனைவரையும் ஒரு பிரிவினைக்குள் அடக்குவது சான்றுக்கு மிஞ்சிய துணிவு.

புளோராவின் கேள்வி

புனிதரின் அருகில் புதைக்கப்பட விரும்புதல் இந்நினைவிடங்களின் சமூகப் பங்கில் கடைசியாக எழுந்த கூறு. இடம் குறைவு, விரும்புவோர் மிகுதி, ஆகவே செல்வமும் செல்வாக்கும் முந்தின. புளோரா என்னும் கைம்பெண் தம் மகன் சினேகியுஸைப் பெலிக்ஸின் ஆலயத்தில் அடக்க இசைவு பெற்றார். இவ்வாறு அடக்குவதால் இறந்தவர்க்குப் பயன் உண்டா எனப் பவுலினுஸ் அகுஸ்தினிடம் கேட்டார். ஏறத்தாழ 421இல் அகுஸ்தின் எழுதிய மறுமொழி ஒரு தனி நூலாயிற்று. இடத்தின் அண்மையால் மட்டும் பயனில்லை என்பது அவர் கருத்து. மகன் எங்கே கிடக்கிறான் என்று நினைக்கும்போதெல்லாம் தாயின் வேண்டுதல் அந்த மறைசாட்சியை நோக்கி எழும். அவ்வேண்டுதலால்தான் பயன் என்றார். கல்லின் வலிமையைக் குறைத்து, தாயின் நினைவை உயர்த்திய விடை அது. கூடையைக் கீழே வைத்த மற்றொரு தாயை அறிந்தவரிடமிருந்துதான் அத்தகைய விடை வர முடியும்.

நோலாவின் கல்லறை ஆலயத்தில் சினேகியுஸின் கல்வெட்டு உடைந்த நிலையில் கிடைத்துள்ளது. அகுஸ்தினின் நுண்ணிய பகுப்பு அதில் இல்லை. பெலிக்ஸின் இல்லம் அவனை ஏற்றுக்கொண்டது என்றும், இறுதித் தீர்ப்பின் நாளில் அவன் பெலிக்ஸோடு இருப்பான் என்றும் அக்கல் கூறுகிறது.